நாற்றின் வயது

1

மலைச்சரிவில் நீர் நிற்காது. நிறுத்தினால்தான் நிற்கும். படிவயலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் முக்கால் பங்கு இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. ஓடிப்போகிற ஒன்றை ஒரு தளத்தில் சற்று இருத்தி, அதனிடம் வேலை வாங்கிக்கொண்டு, அடுத்த தளத்துக்கு அனுப்பி வைப்பது - கவிதைக்கு இதைவிடப் பொருத்தம் குறைந்த வரையறைகளை நம் சிறுபத்திரிகைகள் பலமுறை அச்சிட்டிருக்கின்றன. இருந்தாலும் உவமையை இங்கேயே விட்டுவிடுகிறேன். வயலைக் கவிதைக்கு உவமையாக்கிக்கொண்டே போனால் வயல் மறைந்துவிடும். நம் எழுத்தில் அது ஏற்கனவே பாதி மறைந்துதான் இருக்கிறது.

தமிழ்க் கவிதை மரபுக்குப் படிவயல் ஒரு சங்கடம். மலை என்றால் குறிஞ்சி: தினைப்புனம், பரண், கிளி ஓட்டுகிற பெண், களவு. வயல் என்றால் மருதம்: நெல், எருமை, பொய்கை, ஊடல். திணைகள் மயங்கலாம், நிலங்கள் மயங்குவதில்லை என்பது தொல்காப்பியம் வகுத்த வரம்பு. படிவயலில் மயங்குவது நிலமேதான். மருதம் எழுந்து மலையேறிவிடுகிறது. குறிஞ்சியின் கல், குறிஞ்சியின் மூடுபனி, குறிஞ்சியின் சரிவு எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, நடுவில் மருதத்தின் சேறு மட்டமாகக் கிடக்கிறது. இதற்கு உரிப்பொருள் எது? புணர்தலா, ஊடலா? இரண்டும் பொருந்தவில்லை. தினைப்புனத்தைக் காப்பவள் ஒரு பருவம் காத்துவிட்டு வீடு திரும்பலாம். படிவயலைக் காப்பவள் எந்தப் பருவத்திலும் திரும்ப முடியாது. கல்கட்டு சரிந்தால் ஒரு வயலோடு போகாது, கீழே உள்ள வயல்களும் கூடவே போகும்.

கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறையில் வெள்ளைப்பூண்டு விளைகிற படிகளைப் பஸ் ஜன்னலிலிருந்து நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பார்த்தோம் என்பதோடு சரி. நம் புதுக்கவிதையில் மலை வரும்போது மூடுபனி வருகிறது, தனிமை வருகிறது, பெயர் தெரியாத ஒரு பறவை வருகிறது. கல் சுமக்கிறவன் வருவதில்லை. அவனை வரவழைத்தே தீர வேண்டும் என்று சட்டம் போடுகிற முற்போக்குத் தோரணை எனக்கு இல்லை. ஆனால் அவன் இல்லாத மலை ஏன் நமக்கு அதிகக் கவித்துவமாகப் படுகிறது என்பது கேட்கத் தகுந்த கேள்வி. தைவானில் ஒரு மலைப் பூங்காவில் நவம்பர் மாதத்தில் இரண்டு நாட்கள் நடந்தபோது இந்தக் கேள்விதான் கூடவே வந்தது.

2

தைவானின் வடக்கில், தைப்பே நகரத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டாற்போல இருக்கிறது யாங்மிங்ஷான். எரிமலைக் கூட்டம். மிக உயர்ந்த சிகரமான ஏழு நட்சத்திர மலையே 1,120 மீட்டர்தான். நம் நீலகிரிக்கு முன்னால் அது ஒரு குன்று. ஆனால் பிளவுகளிலிருந்து கந்தகப் புகை இன்றும் சீறிக்கொண்டு வருகிறது. சுற்றிலும் மஞ்சள் படிந்த பாறை. அழுகிய முட்டை வாசனை என்று பயண நூல்கள் எழுதுகிற அதே வாசனை. 1985ல் இது தேசியப் பூங்கா ஆயிற்று. பூங்காவாக்கும் யோசனை அதற்கும் பழையது: ஜப்பானியர் தம் ஆட்சியில் 1937லேயே இந்த மலைத்தொகுதியை ஒரு தேசியப் பூங்காவாக அறிவித்திருந்தார்கள். ஒரு நாட்டைப் பிடித்தவனுக்கு அதன் அழகின் மேல் அக்கறை வருவது சகஜம்.

ஒரே மலையை எத்தனை விதமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது சுவாரஸ்யமான கதை. இங்கே முதலில் இருந்த கெட்டகலான் பழங்குடியினருக்குக் கந்தகம் ஒரு பண்டமாற்றுப் பொருள். 1696ல் சீனத்தின் ஃபூஜோ நகரத்து வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் போனதால், மறு வருஷம் யூ யோங்ஹெ என்பவர் கந்தகம் தேடி இங்கே வந்தார். வந்தவர் பயணக் குறிப்பு எழுதி வைத்தார். அதனால் தைவான் இலக்கியச் சரித்திரத்திலும் அவருக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. பிறகு சிங் அரசு கந்தகம் எடுப்பதைத் தடை செய்தது. திருட்டுத்தனமாக எடுப்பவர்கள் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று மலைக்குத் தீ வைத்தது. வைத்துக்கொண்டே இருந்தது. மரம் தலையெடுக்க முடியாத இடத்தில் புல் எழுந்தது. புல்மலை என்றே பெயராயிற்று. இன்று இலையுதிர் காலத்தில் வெள்ளிப் பூவோடு அசைகிற அந்தப் புல்லைப் பார்க்கவும் படமெடுக்கவும் கூட்டம் வருகிறது. அரசாங்கம் தீ வைத்த தழும்பு காலப்போக்கில் காட்சியாகிவிட்டது.

1950ல் சியாங் கை-ஷேக் பெயரை மாற்றினார். அந்த மொழியில் கொள்ளைக்காரனாகிறவனைப் 'புல்லில் இறங்கினான்' என்று சொல்கிற வழக்கு உண்டு. பெருநிலத்தில் தோற்று இந்தத் தீவுக்கு வந்து புல்மலையில் ஜாகை வைத்துக்கொண்டவருக்கு அது உறுத்தியது என்று சொல்வார்கள். தமக்கு ஆதர்சமான மிங் காலத்துத் தத்துவவாதி வாங் யாங்மிங்கின் (1472-1529) பெயரை மலைக்கு வைத்தார். அறிதலும் செய்தலும் இரண்டல்ல, ஒன்றே என்பது வாங் யாங்மிங்கின் மையக் கருத்து. அறிந்தும் செய்யாதவன் இன்னும் அறியவில்லை.

அவரைப் பற்றி ஒரு சம்பவம் பிரசித்தம். இளமையில் பொருள்களின் தத்துவத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம் என்ற பழைய போதனையை அப்படியே எடுத்துக்கொண்டு, மூங்கில்களின் முன் உட்கார்ந்தார். ஏழு நாள் பார்த்தார். மூங்கிலின் தத்துவம் பிடிபடவில்லை, உடம்புக்கு வந்ததுதான் மிச்சம். வெறுமனே பார்ப்பதன் எல்லையை உடம்பால் தெரிந்துகொண்டவர் அவர். அவருடைய பெயரைத் தாங்கிய மலையில் இன்று திரும்பின இடமெல்லாம் காட்சி மேடைகள். இதைச் சரித்திரத்தின் ஐரனி என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது பொதுவான ஓர் எச்சரிக்கையாகவே பட்டது.

3

என்னோடு வந்தவர் தைப்பேயில் ஆராய்ச்சி செய்கிற தமிழ் இளைஞர். அங்கே அப்படிப் பலர் இருக்கிறார்கள். ஜின்ஷான் போகிற மலைப்பாதை பஸ்ஸில் ஏறி, பாயென் என்ற இடத்தில் இறங்கினோம். எட்டுப் புகை என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். சாலையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சத்தம் சட்டென்று நின்றுவிடுகிறது. கல் வீடுகள் சில. அவற்றைச் சுற்றிப் படிப்படியாக இறங்குகிற வயல்கள். எல்லாம் ஒரே கல்: எரிமலை கக்கிய ஆண்டிசைட். நிலத்தைத் திருத்தும்போது எடுத்த கல்லே சுவராயிற்று. வயலுக்கு வேண்டாதது வரப்புக்கு வேண்டியதாயிற்று. சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் இல்லை. அது வறுமையினால் மட்டும் அல்ல. பூசிய சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கினால் அதன் கனமே சுவரைத் தள்ளிவிடும். பூசாத சுவர் இடுக்கு வழியே நீரைக் கசியவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

தண்ணீர் இங்கே எளிய விஷயம் இல்லை. எரிமலை நிலத்தில் எல்லா ஓடையும் வயலுக்கு உதவாது. கந்தகம் கலந்த அமில நீர் மஞ்சளாக ஓடுகிறது, பயிரைக் கருக்கிவிடும். நல்ல ஊற்றைத் தேடிப் பிடித்து, அமில ஓடையில் கலந்துவிடாமல், ஒரு முழ அகல வாய்க்காலில் மலையைச் சுற்றிக் கூட்டி வர வேண்டும். சாய்வு அதிகமானால் மண்ணை அரிக்கும், குறைந்தால் நீர் நகராது. இதைக் கணக்கிட்டவர்கள் கையில் கருவி ஏதும் இருந்திருக்காது. தண்ணீரே கருவி.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. வடகிழக்குப் பருவக்காற்று. நாகப்பட்டினத்தில் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கிற காற்றுக்கும் இதற்கும் பெயர் ஒன்று. வேறொரு கடலில் ஈரத்தை எடுத்துக்கொண்டு இந்த மலையில் மோதுகிறது. பெரும்பாலான தடங்களில் காய்கறி. சிலவற்றில் வெறுமனே நீர் நிறுத்தியிருந்தது. அந்த நீரில் மலை தலைகீழாகத் தெரிந்தது. இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். வழியில் ஒரு பலகை: இங்கே மனிதர்கள் வசிக்கிறார்கள், சத்தம் போடாதீர்கள் என்கிற தொனியில் ஏதோ எழுதியிருந்ததாக நண்பர் சொன்னார்.

ஒரு கல்கட்டின் அருகில் முதியவள் ஒருத்தி குனிந்து ஏதோ பறித்துக்கொண்டிருந்தாள். 'அமா' என்று நண்பர் கூப்பிட்டார். பாட்டியைக் கூப்பிடுகிற சொல் அங்கே அது. கேட்டதும் எனக்கு ஒரு கணம் வேறு ஊரில் நிற்பது போல இருந்தது. இவர் பள்ளிக்கூட மாண்டரினில் கேட்க, அவள் தைவானிய மொழியில் பதில் சொல்ல, பாதிதான் எனக்கு வந்து சேர்ந்தது. சுவர் ஓரிடத்தில் வயிறு தள்ளியிருந்தது. அடுத்த பெருமழைக்குத் தாங்காது. சரி செய்யவில்லையா என்று கேட்கச் சொன்னேன்.

"ஒரு கல்லு எடுத்து வைக்க ரெண்டு பேர் வேணுமாம் சார்," என்றார் நண்பர். "ரெண்டாவது ஆளு தைப்பேல இருக்காராம்."

அவள் இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நண்பர் சற்றுத் தயங்கினார். "இங்க வர்றவங்க எல்லாரும் எவ்வளவு அமைதின்னு சொல்றாங்களாம். எங்க அத்தை இருந்தப்போ இங்க ஒரு நாள்கூட அமைதியா இருந்ததில்லைன்னு சொல்றாங்க."

அத்தை என்று நண்பர் சொன்னது அவளுடைய மாமியாரை. அவர் மதுரைப் பக்கத்துக்காரர்.

இதன் பிறகு அமைதி என்ற சொல்லை அந்த இடத்துக்குப் பயன்படுத்துவது கஷ்டமாகிவிட்டது. பூங்காக்களின் துண்டுப் பிரசுரங்கள் விற்கிற அமைதி, குறைந்துபோன மனிதர்களின் அளவு. எருமை இல்லை, எருமையை அதட்டுகிற குரல் இல்லை, களத்தில் நெல் புடைக்கிற சத்தம் இல்லை, குழந்தைகள் இல்லை. எருமை வேண்டுமானால் மேலே சிங்தியன்காங் புல்வெளியில் பார்க்கலாம். ஒரு காலத்தில் உழவில்லாத நாட்களில் விவசாயிகள் மாடுகளை அங்கே மேய விட்டு வைத்தார்கள். இன்று அங்கே இருப்பவை யாருக்கும் உழாதவை. மலையேறிகளுக்கு அவை ஒரு காட்சி. பூங்கா எல்லைக்குள் கட்டவும் இடிக்கவும் விதிகள் உண்டு. அந்த விதிகள் இல்லாவிட்டால் இந்தச் சரிவு முழுவதும் எப்போதோ பங்களாக்களாகியிருக்கும் என்பதும் நிஜம். காப்பாற்றப்பட்ட நிலம், அதைக் காப்பாற்றி வந்தவர்கள் இல்லாமல். இதில் குற்றவாளி என்று யாரையும் சுட்ட முடியவில்லை. அதுதான் சங்கடம்.

4

மறுநாள் பெய்த்தோவிலிருந்து சிறிய பஸ்ஸில் ஜூட்ஸிஹூ போனோம். மூங்கில் ஏரி என்று அர்த்தம். ஏரி இல்லை. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைக் குழம்பு ஓடையை மறித்ததில் ஓர் ஏரி உண்டாகி, பின்பு கரை அரிந்து வற்றிப் போயிற்று. மிஞ்சியது ஏறத்தாழ 670 மீட்டர் உயரத்தில் மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம், அடியில் நல்ல கருமண். இன்று அங்கே முக்கியப் பயிர் கால்லா லில்லி. தென் ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட வெள்ளைப் பூ. நெல் நின்ற மாதிரியே தேங்கிய நீரில் நிற்கிறது. வசந்தத்தில் அதைப் பறித்துப் பார்க்கத் தைப்பேயிலிருந்து கூட்டம் வரும். நாங்கள் போனது நவம்பர் ஆனதால் பூவும் கூட்டமும் இல்லை. அகன்ற பச்சை இலைகள், முட்டைக்கோஸ் பாத்திகள், மேலே படிந்து வருகிற மூடுபனி.

இந்தக் கிண்ணத்தில்தான் 1920களில் ஆசியாவின் நெல் சரித்திரத்தில் ஒரு விஷயம் நடந்தது. அதற்காகவே நான் போனேன்.

1918ல் ஜப்பானில் அரிசிக் கலகங்கள். அரிசி விலை தாங்காமல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். குடியேற்ற நாடுகளிலிருந்து அரிசி வந்தாக வேண்டும் என்றாயிற்று. தைவானில் விளைந்ததோ இண்டிகா வகை. உதிரியான, நீண்ட அரிசி. ஜப்பானிய வாய்க்கு அது பிடிக்கவில்லை. ஜப்பானின் ஜப்பானிகா நெல்லைத் தைவானில் விதைத்தால் சரியாக வரவில்லை. உஷ்ணமும், பகலின் நீளமும் வேறு. நாற்றங்காலிலிருந்து எடுத்து நட்டவுடன், பயிர் தூர் கட்டுவதற்கு முன்பே அவசரப்பட்டுக் கதிர் விட்டது. குட்டைப் பயிர், சின்னக் கதிர்.

இஸோ எய்கிச்சி, ஸுஎனாகா மெகுமு என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதில் வருஷக்கணக்காக உழன்றார்கள். இருவரும் 1886ல் பிறந்தவர்கள். ஸுஎனாகா தைச்சுங் பண்ணையில் கண்டுபிடித்தது கேட்பதற்கு அற்பமான ஒன்று. நாற்றை முற்றவிடாதே, இளசாகவே பிடுங்கி நடு. ஜப்பானில் வழக்கமான வயது வரை நாற்றங்காலில் வைத்திருந்தால், கதிர் விடுகிற தீர்மானத்தை அது அங்கேயே எடுத்துவிடுகிறது. இளசாக நட்டால், புது நிலத்தில் வேர் விட்டுத் தூர் கட்ட அதற்குக் காலம் கிடைக்கிறது. கண்டுபிடிப்பு இவ்வளவுதான். விதை மாறவில்லை, நிலம் மாறவில்லை. நாற்றின் வயது மாறிற்று.

விதைப் பெருக்கத்துக்கு இடம் தேடியபோது ஜூட்ஸிஹூ அகப்பட்டது. மலை சூழ்ந்த குளிர்ந்த இடம், தட்பவெப்பம் தென் ஜப்பானை ஒத்தது. உள்ளூர் நெல்லின் மகரந்தம் கலந்துவிடாதபடி இயற்கையே வேலி போட்டிருந்தது. 1923ல் மூல விதை வயல் இங்கே தொடங்கிற்று. 1926ல் தைப்பேயில் நடந்த அரிசி மாநாட்டில் கவர்னர் ஜெனரல் இஸாவா தாகியோ இந்த நெல் வகைக்கு 'ஹோராய்' என்று பெயர் சூட்டினார். கீழ்க்கடலில் சாவில்லாதவர்கள் வாழ்வதாகப் புராணம் சொல்கிற தீவின் பெயர். 1929ல் ஸுஎனாகாவின் தைச்சுங் பண்ணையிலிருந்து இரண்டு ஜப்பானிய வகைகளைக் கலந்து தைச்சுங் 65 என்ற நெல் வெளிவந்தது. பகலின் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாத குணம் அதற்கு வாய்த்திருந்தது. தீவு முழுக்கப் பரவிற்று. கப்பல் கப்பலாக அரிசி ஜப்பானுக்குப் போயிற்று. விளைவித்த குடும்பங்களில் பல சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சோற்றில் கலந்து தின்றன. சாகாதவர்களின் தீவு யாருடைய பசிக்குப் பெயராயிற்று என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

தைச்சுங் 65 அங்கேயே நிற்கவில்லை. 1950களில் ஐ.நா. உணவு, விவசாய நிறுவனத்தின் ஆதரவில் கட்டாக்கில் நடந்த இண்டிகா - ஜப்பானிகா கலப்புத் திட்டத்துக்கு வந்தது. மலேயாவின் மயாங் எபோஸ் 80 என்ற நெல்லோடு அது கலந்து பிறந்ததுதான் 1965ல் மலேசியாவில் வெளியான மஷூரி. அதே கலப்பின் வழியில் வந்த ஒன்றைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986ல் வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் பொன்னி.

பொன்னி. காவிரியின் பெயர். சோழநாடு என்றதும் நாவில் வருகிற பெயர். நம் தட்டில் தினமும் விழுகிற சோற்றின் ஒரு பாட்டனார் ஜப்பானியக் குடியேற்ற அரசின் நெல் திட்டத்தில், இந்த மூடுபனிக் கிண்ணத்தில் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியாக, ஜப்பானுக்குச் சோறு போடுவதற்காகப் பிறந்தவர்.

5

இதைச் சொன்னதும் ஒரு மலிவான முடிவுக்கு வர வழி திறந்துவிடுகிறது. எல்லாமே கலப்பு, ஆகவே மண் என்பது மாயை, மண்வாசனை என்பது பிதற்றல், என்று. அந்த முடிவு எனக்கு உதவவில்லை. மண் தன் அபிப்பிராயத்தைச் சொல்லாமல் விட்டதே இல்லை. தைவானில் 1956ல் வெளியான தைச்சுங் நேட்டிவ் 1 என்ற குட்டை நெல் 1960களின் நடுவில் இந்தியாவுக்கு வந்தது. பெயரில் 'நேட்டிவ்' இருந்தது, வந்த இடத்தில் அந்நியன். உரத்தைத் தின்று சாயாமல் நின்றது உண்மை. பாக்டீரியா இலைக்கருகல் வந்தபோது தாங்கவில்லை என்பதும் உண்மை. தனியாக அது நீடிக்கவில்லை. ஆனால் ஜி.இ.பி. 24 என்று நாம் எண் போட்டுக் கூப்பிட்ட பழைய கோயம்புத்தூர் நெல்லோடும் மஷூரியோடும் கலந்து, பி.பி.டி. 5204 என்று ஆந்திரத்தில் 1986ல் வெளிவந்து, ஆந்திரா பொன்னி என்ற பெயரில் நம் அரிசிக் கடைகளில் இருக்கிறது. மண் நிராகரித்ததும் மண்தான், ஏற்றுக்கொண்டதும் மண்தான். இரண்டும் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து நடக்கவில்லை.

1959 ஜனவரியில் 'எழுத்து' வெளிவந்த நாளிலிருந்து புதுக்கவிதையைச் சுற்றி ஓயாமல் நடந்த சண்டையை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். இறக்குமதிச் சரக்கு என்றார்கள் ஒரு கட்சியினர். இல்லை, சங்கக் கவிதையிலேயே இருக்கிறது, சித்தர்களிடம் இருக்கிறது என்று சான்றுகளைத் தேடித் தந்தார்கள் மறு கட்சியினர். இரு கட்சியும் ஒரே அடிப்படையை ஒப்புக்கொண்டுதான் சண்டை போட்டன: விதை எங்கே பிறந்தது என்பதே கேள்வி. ஜூட்ஸிஹூவில் நின்று பார்த்தால் அது கேள்வியே இல்லை. நாற்று எத்தனை நாளில் பிடுங்கப்பட்டது என்பதுதான் கேள்வி.

மேல்நாட்டுக் கவிதையின் முற்றிய ரூபத்தை எடுத்து, அதன் சலிப்பையும் நகரத்தையும் முறிந்த வாக்கியத்தையும் சேர்த்து நட்டவர்களின் கவிதை உடனே கதிர் விட்டது. பார்த்தவர்கள் வியந்தார்கள். கையில் எடுத்துக் கசக்கினால் பதர். கதிர் விடுகிற தீர்மானம் வேறொரு நாற்றங்காலில் எடுக்கப்பட்டிருந்தது. வேறு சிலர் அந்த விதையை இளசாகவே எடுத்தார்கள். யாப்பை விட்டபின் தமிழ் வாக்கியம் தானாக எங்கே மூச்சு வாங்குகிறது என்று பார்த்துக் காத்திருந்தார்கள். தூர் கட்ட வருஷங்களாயின. அவை இன்றும் நிற்கின்றன. பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் தாங்களே இரண்டு பட்டியல் போட்டுக்கொள்வார்கள், அவை ஒத்துப்போகாது, அதுவும் நல்லதே.

மரபிலிருந்து எடுப்பதற்கும் இதே விதிதான். சங்கக் கவிதையின் முற்றிய கதிரைக் கொண்டுவந்து சிமென்ட் தரையில் நட்டுவிட்டு மண்வாசனை என்று கூவுவது, அந்நிய நாற்றை நடுவதைவிட எந்த விதத்திலும் அசலானது அல்ல. உள்ளூர் நாற்றும் முற்றிப் போகும்.

விதையை ஏற்பதிலுள்ள இந்த நியாயத்தோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துதான் வர வேண்டும். விளைந்ததை யார் சாப்பிட்டார்கள்? ஹோராய் நெல் விஞ்ஞானத்தின் வெற்றி. ஸுஎனாகா 1939ல் தைச்சுங்கிலேயே இறந்தார். இஸோ, ஜப்பானிய ஆட்சி 1945ல் முடிந்த பிறகும் 1957 வரை தைவானில் தங்கி வேலை செய்தார். அவர்களுடைய சிரத்தையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் சிரத்தையுள்ள மனிதர்களின் நல்ல வேலை கப்பலேறிப் போயிற்று, வயலில் நின்றவன் கிழங்கு தின்றான். நம் நவீனத்துவமும் தனக்கே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். அறுவடை எந்தக் களத்துக்குப் போகிறது? நாம் எழுதுவது நம்மை விளைவித்தவர்களின் தட்டுக்கு எப்போதாவது வந்து சேர்கிறதா? மொழிபெயர்ப்பாகி வெளியே போனால்தான் விலை என்று ஆகிவிட்ட சரக்கு எது?

மலையேறிய மருதத்துக்கு உரிப்பொருள் எது என்று தொடக்கத்தில் கேட்டேன். பாயென் வயல்களைப் பொறுத்தவரை இருத்தல் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். மரபில் அது முல்லைக்கு உரியது: போனவன் வருவான் என்று வீட்டில் காத்திருப்பது. இங்கேயும் ஒருத்தி இருக்கிறாள், போனவன் நகரத்தில் இருக்கிறான். ஆனால் முல்லையில் கார்காலம் வந்தால் அவன் திரும்புவான் என்ற உறுதி உண்டு. இங்கே கார்காலம் வந்தால் சுவர் சரியும். ஆகவே அந்தப் பெயரும் ஒட்டவில்லை. ஒட்டாமல் இருப்பதே சரி என்று படுகிறது. பழைய பெயர் ஒட்டிவிட்டால் நாம் அந்த நிலத்தைப் பார்த்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம்.

வாங் யாங்மிங் சொன்னபடி, செய்யாதவன் அறியவில்லை என்றால், அந்தச் சுவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். ஒரு கல்லைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பது மட்டும் தெரியும். நம் பத்திரிகைகள் எத்தனையோ நின்றுபோனதும் பணமில்லாததால் மட்டும் அல்ல, இரண்டாவது ஆள் இல்லாததாலும்தான். அடுத்த முறை ஒரு கவிதையில் மண்வாசனை இருக்கிறது என்றோ இல்லை என்றோ எழுதப் பேனாவை எடுக்கிறவர், இரண்டு விவரங்களை முதலில் விசாரித்துவிட்டு எழுதலாம்: நாற்று எந்த வயதில் நடப்பட்டது, அரிசி யார் வீட்டுக்குப் போயிற்று.